பரவலை ஒடுக்கும் மரபணுக்கள்: ஒரு பெயரின் வரலாறு

கட்டி புற்றுதான் என்று உறுதியானதும், நோயாளியோடு வந்தவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எங்கயாவது பரவியிருக்கா டாக்டர்?" அதில் நியாயம் இருக்கிறது. புற்றுநோய் இறப்புகளில் 90 சதவீதம் பரவலால் நேர்வதாகப் பாடநூல்கள் நெடுங்காலமாக எழுதிவருகின்றன. நார்வே நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு, திடக்கட்டிகளால் நேர்ந்த இறப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில்தான் பரவல் ஒரு காரணமாகப் பதிவாகியிருப்பதாகக் காட்டியது. எண் இறங்கியதே தவிர, கேள்வியின் கனம் இறங்கவில்லை.

இக்கட்டுரை அந்தக் கேள்வியைத் திருப்பிப்போட்டுக் கேட்கிறது. ஒரு கட்டி நன்றாக வளர்ந்த பிறகும் இருந்த இடத்திலேயே இருப்பது எதனால்? அதற்குக் காரணமானவை என்று 1988 முதல் சில மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. ஆய்வாளர்கள் அவற்றுக்குப் 'பரவல் ஒடுக்கி மரபணுக்கள்' என்று பெயரிட்டனர். அந்தப் பெயர் பாதி உண்மைதான் என்பது என் கருத்து. புற்றுநோயைத் தடுப்பதற்கென்று உடலில் அமைந்த மரபணுக்கள் அல்ல அவை. சுண்டெலிகளைக் கொண்டு நடந்த ஒருவகைச் சோதனையில் தேறியதால் அந்தப் பெயரைப் பெற்றவை. ஆய்வுக்கூடத்தில் கிடைத்த வெற்றி நோயாளியின் படுக்கைவரை வந்துசேராததற்கு இந்தப் பிறப்புக்கதையும் ஒரு காரணம்.

விதையும் மண்ணும்

புற்றுநோய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதைக் குறிக்கும் 'மெட்டாஸ்டாசிஸ்' என்ற சொல்லை இந்தப் பொருளில் பயன்படுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் ரெகாமியே; ஆண்டு 1829. எங்கே போகிறது என்பதை எண்ணிப் பார்த்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுப் பதிவுகளைத் தொகுத்து 1889இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். 241 பேருக்குக் கல்லீரலில் புற்று இருந்தது. மண்ணீரலில் இருந்ததோ 17 பேருக்கு மட்டும். மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாகத்தான் போகிறது. ரத்தம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு வேறுபாடு ஏன்? விதை எல்லாப் பக்கமும் விழுகிறது, ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்றார் பேஜெட். அந்த எண்ணத்துக்குத் தமக்கு முன்னோடி கண் மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் என்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டார்.

பின்னர் அமெரிக்க நோய்க்கூற்றியலாளர் ஜேம்ஸ் யூயிங், ரத்த ஓட்டமும் நிணநீர்ப் பாதையுமே பரவலைத் தீர்மானிக்கின்றன என்று எழுதினார். அவர் சொல்லுக்கு இருந்த செல்வாக்கில் பேஜெட்டின் மண் பல பத்தாண்டுகள் தரிசாகக் கிடந்தது.

அதை மறுபடி உழுதவர் ஐசாயா ஃபிட்லர். கதிரியக்க அயோடின் ஏற்றிய மெலனோமா செல்களைச் சுண்டெலிகளின் ரத்தத்தில் செலுத்தி, அவை என்ன ஆகின்றன என்று 1970இல் கணக்கெடுத்தார். நுரையீரலில் கட்டியாகும் அளவுக்குப் பிழைத்தவை ஏறக்குறைய 0.1 சதவீதம். பரவல் என்பது பெரும்பாலும் தோற்றுப்போகும் பயணம் என்பது அந்த எண்ணால் தெரியவந்தது. 1977இல் மார்கரெட் கிரிப்கியுடன் சேர்ந்து இன்னொன்றையும் காட்டினார். ஒரே கட்டியிலிருந்து தனித்தனிச் செல்களை எடுத்து வளர்த்தால், சில வம்சங்கள் மூர்க்கமாகப் பரவுகின்றன, சில பரவுவதே இல்லை. அப்படியானால் இந்த இரண்டு வம்சங்களுக்கும் இடையே மரபணு அளவில் ஏதோ ஒன்று வேறுபடவேண்டும்.

இருபத்துமூன்றாம் நகல்

ஆக்ஸ்ஃபோர்டின் ஹென்றி ஹாரிஸும் ஸ்டாக்ஹோமின் ஜார்ஜ் கிளைனும் தம் குழுவினரோடு 1969இல் ஒரு சோதனையை வெளியிட்டிருந்தனர். கட்டி உண்டாக்கும் செல்லை, அவ்வாறு செய்யாத செல்லோடு இணைத்தால் கலப்புச் செல்லின் புற்றுத்தன்மை அடங்கிவிடுகிறது. இன்று நாம் 'கட்டி ஒடுக்கி' என்று சொல்லும் மரபணுக்களுக்கான முதல் சான்றுகளில் அது ஒன்று. 1983இல் சைட்பாட்டமும் கிளார்க்கும் இதையே பரவலுக்குச் செய்து பார்த்தனர். கலப்புச் செல்கள் கட்டியாக வளர்ந்தன, ஆனால் பரவவில்லை. வளர்வது வேறு, பரவுவது வேறு என்பது நிலைபெற்றது. பரவல் ஒடுக்கிக்கான இலக்கணமும் இதையே பின்பற்றியது: முதற்கட்டியின் வளர்ச்சியைத் தொடாமல், பரவலை மட்டும் குறைப்பது.

இந்த இலக்கணத்துக்கு முதன்முதலில் பெயரோடு பொருந்திய மரபணுவைக் கண்டவர் பாட்ரிசியா ஸ்டீக். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், லான்ஸ் லியோட்டாவின் ஆய்வகத்தில் அவர் பணியாற்றினார். கையில் இருந்தவை கே-1735 என்ற சுண்டெலி மெலனோமாவின் வெவ்வேறு வம்சங்கள். சில அதிகம் பரவுபவை, சில குறைவாகப் பரவுபவை. அன்றைய முறையைச் சற்று விரித்துச் சொல்லலாம், ஏனெனில் இன்றைய மாணவர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. செல்லில் இயங்கும் மரபணுச் செய்திகளின் நகல்களை ஒவ்வொன்றாகப் பாக்டீரியாவுக்குள் ஏற்றித் தட்டில் வளர்ப்பார்கள். தட்டின் மீது மெல்லிய வடிதாளை ஒற்றி, ஒரே மாதிரியான இரண்டு படிகள் எடுப்பார்கள். ஒன்றைப் பரவும் செல்லின் கதிரியக்க நகல்களிலும், மற்றதைப் பரவாத செல்லின் கதிரியக்க நகல்களிலும் ஊறவைத்து, எக்ஸ்ரே ஃபிலிமில் பதிப்பார்கள். பிறகு இரண்டு ஃபிலிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிடவேண்டியதுதான். ஒன்றில் கறுப்பாகவும் மற்றதில் மங்கலாகவும் விழும் புள்ளியே தேடும் பொருள். கண்ணுக்கும் பொறுமைக்கும் வைக்கும் தேர்வு அது.

அப்படித் தேறிய ஒரு நகலின் எண் 23. 'பரவாதது' என்பதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து என்.எம்.23 என்று பெயரிட்டனர். குறைவாகப் பரவும் வம்சங்களில் அதன் அளவு சுமார் பத்து மடங்கு கூடியிருந்தது. 1988இல் கட்டுரை வந்தது. 1991இல் அதே குழு அந்த மரபணுவை மூர்க்கமான செல்களுக்குள் செலுத்தியபோது, கட்டியின் பருமனைச் சாராமல் பரவல் குறைந்தது. மார்பகப் புற்று மாதிரிகளிலும், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியவற்றில் இது குறைந்திருந்ததாக முதற்கட்ட ஆய்வுகள் கூறின.

மூன்று முறை கண்டுபிடிக்கப்பட்ட மரபணு

சிக்கல் முதல் கட்டுரை வந்த அடுத்த ஆண்டே தொடங்கிவிட்டது. 1989இல் வரிசைகளை ஒப்பிட்டபோது, பழ ஈயின் சிறகு உறுப்புகள் சரியாக உருவாகத் தேவையான 'ஆட்' என்ற மரபணுவும் என்.எம்.23ம் நெருங்கிய உறவினர்கள் என்று தெரிந்தது. 1990இல், அந்த ஈ மரபணு தருவது நியூக்ளியோசைடு டைபாஸ்பேட் கைனேஸ் என்ற நொதி என்பது நிறுவப்பட்டது. செல்லுக்குள் பாஸ்பேட்டை ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொடுக்கும் நொதி இது. 1953இலேயே அறியப்பட்டது. ஹான்ஸ் கிரெப்ஸும் ஹெம்ஸும் ஒருபுறம், பால் பெர்கும் ஜோக்லிக்கும் மறுபுறம் தனித்தனியாக விவரித்திருந்தனர்.

இன்னும் ஒன்று பாக்கி. 1956இல் மரபியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட் ஒரு விசித்திரமான திரிபைப் பதிவுசெய்தார். தனியாக இருந்தால் ஈக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் 'புரூன்' எனும் கண்ணிறத் திரிபோடு சேர்ந்தால் ஈ பிழைக்காது. 'புரூனைக் கொல்லி' என்றே அதற்குப் பெயர். அதுவும் இதே 'ஆட்' மரபணுவில் ஏற்பட்ட திரிபுதான் என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

ஆக, உயிர்வேதியியலாருக்கு ஒரு நொதி, ஈ மரபியலாருக்கு ஒரு கொல்லி, புற்றுநோயியலாருக்கு ஒரு காவலன்; பொருள் ஒன்றே. இவர்களில் கடைசியாக வந்தவர்கள் வைத்த பெயர்தான் மருத்துவ உலகில் நிலைத்தது. சிறுவர்களைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமாவில் நோய் முற்றிய நிலையில் என்.எம்.23 கூடுகிறது என்ற தகவல் 1990களின் தொடக்கத்திலேயே வந்தபோது பலர் குழம்பியதற்கு அந்தப் பெயரே காரணம். காவலன் எப்படிக் கள்வனோடு சேரும் என்ற கேள்வி, அதைக் காவலன் என்று அழைத்ததால்தான் எழுந்தது.

குரோமோசோமை மாற்றிவைத்த காலம்

1990களில் தேடும் முறை மாறியது. மனிதக் குரோமோசோம் ஒன்றை முழுதாகப் புற்றுச்செல்லுக்குள் நுழைத்து, பரவல் அடங்குகிறதா என்று பார்த்தனர். மனிதரின் 11ஆம் குரோமோசோமை எலியின் புராஸ்டேட் புற்றுச்செல்லில் வைத்துத் தேடி, 1995இல் டாங் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தனர். சீன மொழியில் 'காங் ஐ' என்றால் புற்று எதிர்ப்பு. அதைச் சுருக்கி 'காய்-1' என்றார்கள். இதுவும் புதுமுகம் அல்ல. எதிர்ப்பாற்றல் செல்களின் மேற்பரப்பில் சி.டி.82 என்ற பெயரில் முன்பே தெரிந்த புரதம். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2006இல் ஓர் அழகான விளக்கம் கிடைத்தது. ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள 'டார்க்' என்ற புரதத்தை அது தொட்டால், பயணம் போகும் புற்றுச்செல் மேற்கொண்டு பெருகாமல் முதுமையடைந்து நின்றுவிடுகிறது. 'டார்க்' இல்லாத சுண்டெலிகளில் இந்தத் தடை வேலை செய்வதில்லை. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழையும் வாசலும் இதே 'டார்க்'தான். பேஜெட் சொன்ன மண்ணில் ஒரு பிடி கடைசியில் மூலக்கூறாகக் கைக்கு வந்தது.

கிஸ்-1 கதை இன்னும் சுவையானது. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் டேனி வெல்ச்சின் ஆய்வகம் 1996இல் இதைக் கண்டது. அவ்வூரில் தயாராகும் 'கிஸ்ஸஸ்' சாக்லெட்டை நினைவில் வைத்துப் பெயர் சூட்டினார்கள். 6ஆம் குரோமோசோமை மெலனோமாச் செல்லில் நுழைத்ததால் பரவல் நின்றது. அதைத் துருவியே இம்மரபணு கிடைத்தது. ஆனால் கிஸ்-1 இருப்பது 1ஆம் குரோமோசோமில்! 6ஆம் குரோமோசோமில் இருந்தது அதைத் தட்டியெழுப்பும் வேறொன்று.

2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மனித நஞ்சுக்கொடியிலிருந்து கிஸ்-1 தரும் 54 அமினோ அமிலப் புரதத்துண்டைப் பிரித்து, அது ஜி.பி.ஆர்.54 என்ற ஏற்பியில் பொருந்துவதைக் காட்டினர். 2003இல் பிரான்சிலும் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவை வெளியிட்டன: அந்த ஏற்பி பழுதானவர்களுக்குப் பூப்பு நிகழ்வதில்லை. மெலனோமாவைத் துரத்திப் போனவர்கள், பருவமடைதலின் சாவியைக் கையில் எடுத்திருந்தார்கள்.

ஒரு செல் வரிசையும் ஒரு சோதனை மருந்தும்

இந்தத் துறையின் சங்கடமான பக்கத்தையும் எழுதவேண்டும். 2000இல் அறிவிக்கப்பட்ட பி.ஆர்.எம்.எஸ்.1 என்ற மரபணுவின் பெயரிலேயே 'மார்பகப் புற்று' இருக்கிறது. அது முதலில் சோதிக்கப்பட்டது எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற செல் வரிசையில். என்.எம்.23ஐ மார்பகப் புற்றில் சோதித்த 1993ஆம் ஆண்டு ஆய்வும் அதே செல்களில்தான். ஆனால் அவை மார்பகச் செல்கள்தானா என்ற ஐயத்தை 2000இல் ஒரு மரபணு ஆய்வு கிளப்பியது. அவை எம்14 என்ற மெலனோமா வரிசையேதான் என்று 2007இல் மரபணு அடையாளங்களைக் கொண்டு காட்டினர். பி.ஆர்.எம்.எஸ்.1 வேறு செல்களிலும் பரவலைக் குறைத்ததால் அந்த முடிவு முழுதும் விழவில்லை. பெயரை மட்டும் யாரும் திருத்தவில்லை.

நம்பிக்கைக்கு இடமளித்தது வேறொரு செய்தி. கட்டி ஒடுக்கி மரபணுக்கள் பெரும்பாலும் திரிந்தோ தொலைந்தோ போகின்றன. பரவல் ஒடுக்கிகள் பெரும்பாலும் வாயடைத்துக் கிடக்கின்றன. தொலைந்ததை மீட்பது கடினம், உறங்குவதை எழுப்பலாம். ஸ்டீக்கின் குழு மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற பழைய ஹார்மோன் மருந்து என்.எம்.23ஐ எழுப்புவதையும், சுண்டெலிகளில் நுரையீரல் பரவலைக் குறைப்பதையும் 2005இல் வெளியிட்டது. மனிதரிடம் நடந்த சோதனையின் முடிவு 2014இல் வந்தது. ஏற்கெனவே பரவிய மார்பகப் புற்றுள்ள 30 பெண்களில் ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. சிலருக்கு மட்டும் ஆறு மாதங்களுக்கு மேல் நோய் கூடாமல் நின்றது.

இதைத் தோல்வி என்று எழுதிவிடலாம். ஆனால் கட்டியைச் சுருக்காமல் பரவலை மட்டும் தடுப்பது என்றுதானே இந்த மரபணுக்களுக்கு இலக்கணம் வகுத்தோம்? சுருக்கத்தை அளவுகோலாக வைத்தால் இவை எப்படித் தேறும்? புற்று பரவாதவர்களிடமும், சிறிதே பரவியவர்களிடமும் புதிய பரவல் தடுக்கப்படுகிறதா என்று அளக்கும் சோதனைகள் வேண்டும் என்று ஸ்டீக்கே 2012இல் 'நேச்சர்' இதழில் வாதிட்டார். அவை நீண்டகாலமும் பெரும்பணமும் கேட்பவை. அந்தச் செலவுக்கு முன்வராமல் இந்த மரபணுக்கள் பயனற்றவை என்று தீர்ப்பளிப்பது அவசரம் என்றே கருதுகிறேன்.

பரவல் ஒடுக்கி மரபணுவைத் தட்டியெழுப்பும் வேலைக்கென்று அங்கீகாரம் பெற்ற புற்றுநோய் மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை. கிஸ்-1 தரும் புரதத்துண்டு மட்டும் மனிதரிடம் பலனோடு போய்ச்சேர்ந்தது. அதுவும் வேறு வாசல் வழியாக. லண்டனில் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சையில் இருந்த 53 பெண்களுக்குக் கருமுட்டை முதிர்வதற்காக அது ஊசியாகச் செலுத்தப்பட்டது. 2014இல் வெளியான அந்த ஆய்வில் குழந்தைகளும் பிறந்தன.