பெரம்பூர் மில்லும் பரேல் மில்லும்

மூடிய ஆலையின் நிலம் யாருக்குப் போய்ச் சேரும்? வடசென்னையில் சாத்தாங்காடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் இதை இப்போதே கேட்டாக வேண்டும். பெரம்பூருக்கு ஒருமுறை இதற்கு விடை கிடைத்தது. மும்பையின் பரேலுக்குக் கிடைத்தது வேறு விடை.

பெரம்பூரில் பக்கிங்காம் மில் 1876-ல் தொடங்கியது. சில ஆண்டுகளில் கர்நாட்டிக் மில் வந்தது. 1920-ல் இரண்டும் ஒன்றாகி, ஊர் வாயில் 'பி அண்ட் சி மில்' ஆனது. காக்கித் துணிக்குப் பேர்போன இடம். அதைவிடப் பெரிய பெயர் அதன் தொழிலாளர்களுக்கு உண்டு. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இவர்களை வைத்துத்தான், பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் முன்னின்றார்கள். 1921 வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக மாறித் துப்பாக்கிச் சூடுவரை போனது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் இத்தனை கனமான மண் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை என்பேன்.

1996-ல் ஆலை மூடப்பட்டது. வெறுமையான கூடங்களில் பல ஆண்டுகள் சினிமாச் சண்டைகள் படமாயின. நிலம் பகுதி பகுதியாகக் கைமாறியது, கட்டடங்கள் பெரும்பாலும் இடிபட்டன, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. வீடு கட்டியது குற்றமில்லை. இந்த நகரத்துக்கு வீடு வேண்டும். ஆனால் எந்தக் கூடம் நிற்க வேண்டும், அங்கே உழைத்த குடும்பங்களுக்கு என்ன பங்கு என்று ஆலை நிலத்துக்கென ஒரு விதியும் எழுதப்படவில்லை. இரண்டும் விற்பவர், வாங்குபவர் விருப்பத்துக்கு விடப்பட்டன.

மும்பையில் விதி இருந்தது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பல மில்கள் அதன் பிறகு நிமிரவே இல்லை. மில் நிலம் மொத்தம் சுமார் 600 ஏக்கர், அதுவும் நகரின் நடுவில். 1991-ல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 அதை மூன்றாகப் பிரித்தது: ஒரு பங்கு பூங்கா, திடல்களுக்காக மாநகராட்சிக்கு; ஒரு பங்கு அரசு வீட்டுவசதி வாரியத்துக்கு; ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001-ல் ஒரு திருத்தம் வந்தது. கட்டடம் நிற்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், காலியிடத்தை மட்டும் பிரித்தால் போதும் என்றது அது. ஆலை என்றாலே கட்டடம்தானே. பொதுப் பங்கு சுருங்கிப்போனது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

ஆகவே மும்பையை முன்மாதிரி என்று கொண்டாட முடியாது. பீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி வணிக வளாகத்தின் நடுவே இன்றும் நிற்கிறது. சுற்றியிருக்கும் கடைகள் பழைய நெசவாளிக்கு எட்டாதவை. அலுவலகங்களும் உணவகங்களும் நிறைந்த கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பரில் பற்றிய தீ 14 பேரைப் பலிகொண்டது. பழைய மில்லைப் புதிய வேலைக்கு மாற்றும்போது வெளியேறும் வழியையும் தீயணைப்பையும் புதிதாகவே கட்ட வேண்டும். சுவரைப் பூசினால் போதாது.

இருந்தும் அந்தச் சுருங்கிய விதியே ஒன்றைச் சாதித்தது. 2012-ல் மில் தொழிலாளர் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் ஏறக்குறைய ஏழாயிரம் வீடுகள் ஒதுக்கப்பட்டன. கோரியவர்கள் பல மடங்கு, கிடைத்தது கொஞ்சம். ஆனால் அவர்களிடம் பிடித்துக்கொண்டு போராட ஒரு சட்டப் பிரிவு இருந்தது. பெரம்பூர்த் தொழிலாளியிடம் அது இல்லை. இரண்டு ஊர்களுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். கட்டடத்தைக் காப்பதிலும் இதே கதை: மும்பையில் பாரம்பரியக் கட்டட விதிகள் 1995-லேயே வந்துவிட்டன, தமிழ்நாட்டில் 2012-ல் நிறைவேறிய பாரம்பரிய ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அடுத்த முறை எண்ணூருக்கு. 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச் 31-ல் மூடப்பட்டது. அந்த வளாகத்துக்குத் திட்டமிடப்பட்டது மறுபடியும் ஓர் அனல் மின் அலகு. சாம்பலோடு வாழ்ந்த மீனவக் குப்பங்களை முதலில் கேட்டிருக்க வேண்டும். முன்கூட்டித் திட்டமிட நம்மால் ஆகாது என்று சொல்லவும் முடியாது. ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெரிந்த இரும்பு வியாபாரத்துக்காகச் சாத்தாங்காட்டில் ஒரு சந்தையையே உருவாக்கியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அதே சி.எம்.டி.ஏ. இப்போது மூன்றாம் பெருந்திட்டத்தைத் தயாரிக்கிறது. மூடிய ஆலைகள், மூடப்போகும் ஆலைகளின் பட்டியல் அதில் வேண்டும். எந்தக் கூடம் நிற்கும், மண்ணை யார் சோதித்துச் சுத்தம் செய்வார்கள், உழைத்தவர்களுக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் எத்தனை பங்கு என்பதையும், பத்திரம் கைமாறும் முன்பே அதில் எழுதிவிட வேண்டும்.