கொல்லன் உலையும் உத்தரவாதப் பத்திரமும்

மாத்தளை மாவட்டத்திலே, கலேவெலைக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் வஹகோட்டை. புனித அந்தோனியாரின் திருத்தலத்தால் இலங்கை முழுவதும் அறியப்பட்ட ஊர் அது. ஆண்டுதோறும் ஆனி மாதத் திருவிழாவுக்கு அங்கே திரளும் அடியார் பலர். கண்டி மன்னர்களுடன் பொருது சிறைப்பட்ட போர்த்துக்கேயப் படைவீரரின் வழித்தோன்றல்களே அவ்வூரின் பழங்குடிகள் என்பது வழிவழியாக வரும் மரபு. வாளும் துவக்கும் தாங்கி வந்தவர்களின் மரபினர் ஏரும் மண்வெட்டியும் ஏந்திய உழவராயினர். தந்தையர் பேசிய மொழியை மறந்தனர். சமயத்தை மட்டும் மறவாது காத்தனர்.

இம்மரபை எண்ணுங்கால் ஒரு சிறு வினா எழுகின்றது. கடல் கடந்து வந்த ஒரு படைவீரனின் துவக்கு, மலைநாட்டின் நடுவே பழுதுபட்டால் அவன் யாரிடம் போய் முறையிடுவான்? செய்தவன் எங்கோ இருக்கிறான். விற்றவனும் அருகில் இல்லை. கையில் இருப்பதோ, தவறினால் தன்னை ஏந்தியவனையே பலி கொள்ளும் கருவி. இன்று புதிய றிவோல்வர் ஒன்றை வாங்கி, முதல் நாளிலேயே அது பழுதெனக் கண்டு, உற்பத்தியாளரின் உத்தரவாதப் பத்திரத்தைத் தேடுபவனின் வினாவும் இதுவே. இவ்வினாவுக்கு மனித குலம் காலந்தோறும் கண்ட விடைகள் ஒரு தனி வரலாறாகும்.

துவக்கு தவறுவதற்குக் காரணங்கள் பல. 1630ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஊவா நாட்டின் ரந்தெனிவெலையிலே தளபதி கொன்ஸ்தந்தீனு த சா தன் படையோடு கண்டிப் படையின் நடுவே அகப்பட்டான். இரவு பெய்த பெருமழையால் வெடிமருந்தும் திரிகளும் நனைந்தன. திரியால் எரியூட்டப்படும் துவக்குகள் ஊமையாயின. தளபதியும் களத்தில் மடிந்தான். எட்டாண்டுகளின் பின், 1638ஆம் ஆண்டு பங்குனி 28ஆம் நாள், கன்னொறுவையிலே இரண்டாம் இராசசிங்கன் தியோகு த மெலுவின் படையை முறியடித்தான். அப்போரில் உயிர் தப்பிச் சிறைப்பட்டோர் மிகச் சிலரே.

ரந்தெனிவெலையில் துவக்குகள் தவறியது கொல்லனின் குற்றமன்று, வானத்தின் செயல். வேறு சமயங்களில் மருந்தை மிகையாக இட்ட வீரனின் குற்றமாக இருக்கலாம். குழலுக்குரிய இரும்பைச் செவ்வனே காய்ச்சாத கொல்லனின் குற்றமாகவும் இருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறிவதே உத்தரவாதம் என்பதன் உயிர்நாடி. பிரித்தறியும் அறிவு யாரிடம் உள்ளதோ, அவரிடமே நீதியும் தங்கியுள்ளது.

கண்டி இராச்சியத்திலே அவ்வறிவு ஊர்க்கொல்லனிடம் இருந்தது. 1660இல் கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிற் சிறையிருந்து, 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ். 1681இல் வெளிவந்த அவரது நூலிலே கொல்லர்களைப் பற்றிய சுவையான செய்திகள் உண்டு. கருவியைச் செப்பனிட வருபவன் இரும்பையும் கரியையும் தானே கொண்டுவர வேண்டும். கொல்லன் இருக்கையில் அமர்ந்திருப்பான்; வந்தவனே துருத்தி ஊதுவான், சம்மட்டியும் அடிப்பான். செப்பனிடுதற்குரிய கூலி அன்றைக்கன்று கொடுக்கப்படுவதன்று. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு வீட்டாரும் வழக்கமான அளவு நெல் அளந்து கொடுப்பர்.

நொக்ஸ் கூறுவது பெரும்பாலும் வீட்டுக்கும் வயலுக்கும் உரிய கருவிகளைப் பற்றியதே. எனினும் அம்முறையின் உட்பொருள் சிந்தித்தற்குரியது. ஆண்டுக்கொரு முறை நெல் அளந்தவனுக்கு, அவ்வாண்டு முழுவதும் பழுது பார்க்கும் கடமை கொல்லனுக்கு உண்டு. மீண்டும் மீண்டும் பழுதாகும் வேலையைச் செய்தால் உழைப்பு அவனுக்கே மிகும். ஆகவே முதலில் நன்கு செய்வதே அவனுக்கு இலாபம். மேலும், துருத்தி ஊதியவன் தன் கருவி எவ்வாறு காய்ச்சி அடிக்கப்பட்டது என்பதைக் கண்ணாரக் கண்டிருப்பான். எழுத்து மூலமான ஒப்பந்தம் எதுவுமில்லை. முகம் பார்த்த பழக்கமே ஒப்பந்தம்.

அரசனுக்குப் பணி செய்த கைவினைஞரும் பணத்துக்காக அன்றி நிலத்துக்காகவே உழைத்தனர். இராசகாரியம் எனப்பட்ட அம்முறையில் நிலம் உள்ளவரை கடமையும் உண்டு. 1908இல் ஆனந்த குமாரசுவாமி வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் இவ்வமைப்பை விரிவாக எடுத்துரைக்கின்றது. இத்தகைய பட்டறைகளிலேயே சிங்களத் துவக்கு உருவாயிற்று. ஐரோப்பியத் துவக்குகளில் எரியூட்டும் பொறி வலப்புறத்தில் இருக்கும். சிங்களத் துவக்கிலோ அது இடப்புறத்தில் அமைந்திருக்கும். அதன் பிடி இரண்டாகப் பிளந்தும் வளைந்தும் தந்தத்தாலும் வெள்ளியாலும் அணி செய்யப்பட்டிருக்கும். அயலாரிடம் கற்ற கலையை இந்நாட்டுக் கொல்லர் தமதாக்கிக் கொண்டனர் என்பதற்கு இதுவே சான்று. பகைவராய் வந்த போர்த்துக்கேயரின் வரலாற்றாசிரியர்களே அவர்தம் திறனைப் புகழ்ந்துள்ளனர்.

கன்னொறுவைப் போர் நிகழ்ந்த காலத்தை ஒட்டியே, இலண்டன் மாநகரில் இவ்வினாவுக்கு வேறொரு விடை உருவாகிக் கொண்டிருந்தது. அங்கே வாங்குபவனும் செய்பவனும் ஒருவரையொருவர் அறியார். 1637இல் முதலாம் சாள்ஸ் மன்னன் துவக்குக் கம்மியர் சங்கத்துக்குச் சாசனம் வழங்கினான். குழல்களைச் சோதித்து முத்திரையிடும் உரிமை அச்சங்கத்துக்குக் கிடைத்தது. சோதனை எளியது, ஆனால் கடுமையானது. வழக்கத்தினும் மிகையான மருந்தை இட்டு வெடிக்கச் செய்வர். பிளவுபட்ட குழல் ஒதுக்கப்படும். தாங்கிய குழல் முத்திரை பெறும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1672இலும், இங்கிலாந்தின் பேர்மிங்காமில் 1813இலும் இத்தகைய ஏற்பாடுகள் தோன்றின. 1914இல் பல நாடுகள் ஒருவர் முத்திரையை மற்றவர் ஏற்கும் வண்ணம் நிலையான ஓர் அனைத்துலக ஆணையத்தை அமைத்தன.

ஊர்க்கொல்லனின் முகத்தை அறியாதவனுக்கு அம்முத்திரை ஒரு முகமாயிற்று. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. துவக்கு வெடித்துச் சிதறாது என்பதற்கே அது சான்று. குறி தவறாது என்பதற்கோ, பொறி பிசகாது என்பதற்கோ அது சான்றன்று.

விற்பவனின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற வினாவுக்கு 1837ஆம் ஆண்டு ஆங்கில வழக்கொன்று விடை கூறிற்று. பிரிஸ்டல் நகரிலே லீவி என்ற வணிகர், புகழ் வாய்ந்த நொக் என்ற கம்மியர் செய்ததென்றும் பாதுகாப்பானதென்றும் கூறி, ஒரு துவக்கை 24 பவுணுக்கு லாங்ரிட்ஜ் என்பவருக்கு விற்றார். தானும் தன் புதல்வரும் பயன்படுத்தவே அதனை வாங்குவதாக அவர் கூறியிருந்தார். மகன் சுட்டபோது துவக்கு வெடித்தது. அவனது இடக்கை போயிற்று. அது நொக் செய்த துவக்கே அன்று. வாங்கியவர் தந்தை, மகன் அல்லன் என வணிகர் வாதாடினார். பொய் கூறி விற்றவர், அப்பொய்யை நம்பிக் கருவியை ஏந்துவார் என அவர் அறிந்திருந்த மகனுக்கும் பொறுப்பாளியே என்று நீதிமன்றம் தீர்த்தது. இழந்த கை மீளவில்லை; எனினும் பொறுப்பு என்பது பணம் கொடுத்தவனோடு முடிந்துவிடுவதில்லை என்ற எண்ணம் அங்கே முளை கொண்டது.

அக்காலத்திலேதான் றிவோல்வர் தோன்றியது. சாமுவேல் கோல்ற் என்ற அமெரிக்கர் 1836இல் தம் நாட்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். சாதாரணத் துவக்கில் மருந்து எரியும் அறையும் குழலும் ஒன்றாகவே இருக்கும். றிவோல்வரில் அவை இரண்டு. சுழலும் உருளையில் ஐந்தாறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும், தன் முறை வரும்போது, குழலுக்கு நேர் எதிரே மயிரிழையும் பிசகாமல் நிற்றல் வேண்டும். பிசகினால் குண்டு குழலின் விளிம்பில் உராய்ந்து ஈயத்துகள் பக்கங்களிற் சிதறும். உருளைக்கும் குழலுக்கும் இடைவெளி மிகுந்தால் அனற்காற்று வெளியேறும். குறைந்தால் உருளை இறுகிச் சுழலாது நிற்கும். இத்தனை நுட்பம் உடையதாதலின், புதிதாய் வாங்கியதும் பழுதுடன் இருத்தல் அரிதன்று.

1847இல் கோல்றுக்கு ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. படைத்தலைவர் சாமுவேல் வாக்கரின் யோசனைப்படி, அமெரிக்க அரசுக்கென 1,000 பெரிய றிவோல்வர்கள் செய்யப்பட்டன. கோல்றுக்கு அப்போது சொந்தத் தொழிற்சாலை இல்லை. எலி விற்னி என்பவரின் ஆலையிலே அவை உருவாயின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலரை இறாத்தல் எடை. ஓர் அறை 60 கிறெயின் மருந்து கொள்ளும். போர்க்களத்தில் பலவற்றின் உருளைகள் வெடித்தன. இரும்பு போதிய உறுதியற்றது என்றனர் ஒரு சாரார். வீரர்கள் மருந்தை மிகையாய் இட்டனர், கூர்ங்குண்டுகளைத் தலைகீழாய்ச் செலுத்தினர் என்றனர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை இருந்தது.

கோல்ற் செய்தது கவனிக்கத்தக்கது. பிழை வீரனுடையதே என்று வாதாடுவதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த ஆண்டில் வெளிவந்த புதிய வகையில் உருளையைக் குறுக்கி, மருந்தின் அளவை ஏறத்தாழ 50 கிறெயினாகக் குறைத்தார். சுடும் அதிர்ச்சியிற் கழன்று விழுந்த நெம்புகோலுக்கும் ஒரு பிடிப்பு அமைத்தார். பயன்படுத்துபவன் பிழை செய்வான் என்பதை முன்னறிந்து, அப்பிழையையும் தாங்குமாறு கருவியை அமைப்பதே செய்பவனின் கடமை. உத்தரவாதம் பழுது பார்ப்பதோடு முடிவதன்று. அடுத்தது பழுதாகாதிருக்கச் செய்வதும் அதன் பகுதியாகும்.

அதே 1848ஆம் ஆண்டில் மாத்தளை மண்ணிலும் துவக்கு பற்றிய பேச்சு ஓங்கி ஒலித்தது. ஆடி முதலாம் நாளிலிருந்து துவக்கு, நாய், வண்டி, கடை ஆகியவற்றுக்கு ஆங்கில அரசு கட்டணம் விதித்தது. துவக்கொன்றுக்கு 2 சிலிங் 6 பென்ஸ். பயிரைக் காட்டுப்பன்றியிலிருந்து காக்கத் துவக்கு வைத்திருந்த குடியானவனுக்கு அது பெருஞ்சுமை. அம்மாத இறுதியில் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. ஆவணி 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பலவாயினும், துவக்குக் கட்டணம் அவற்றுள் ஒன்று. துவக்கைக் கணக்கெடுத்து வரி கேட்ட அரசு அது. அத்துவக்கின் தரத்துக்குப் பொறுப்பேற்ற அரசன்று. கொல்லனையும் குடியானவனையும் பிணைத்திருந்த பழைய இராசகாரிய முறையோ 1832இலேயே பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தது.

பின்னர் சட்டம் மெல்ல மெல்ல வாங்குபவனின் பக்கம் திரும்பிற்று. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கப்படும் பொருள் அதன் நோக்கத்துக்குத் தகுதியாய் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையைக் குறித்த சூழ்நிலைகளில் தானே வருவித்துக் கொள்கின்றது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் துவக்கு வைத்திருப்பதை அனுமதிப் பத்திரத்துக்கு உட்படுத்திற்று. 2003ஆம் ஆண்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வந்தது.

ஆகவே, முறைப்படி றிவோல்வர் வாங்கியவன் அதிற் பழுது கண்டால் செய்யத் தக்கது யாது? உடனே சுடுவதை நிறுத்தல். அறைகள் வெறுமையாய் உள்ளனவா என உறுதி செய்தல். பழுதையும் பயன்படுத்திய தோட்டாவையும் எழுதி வைத்தல். பற்றுச்சீட்டுடன், அனுமதி பெற்ற வணிகரின் வழியே உற்பத்தியாளருக்குத் தெரிவித்தல். தானே அரத்தை எடுத்து அராவுதலும், தெருக்கோடிப் பட்டறையில் திறப்பித்தலும் தகா. அயலார் கை பட்ட கருவிக்கும், வீட்டில் மருந்திட்ட தோட்டாவால் விளைந்த கேட்டுக்கும் உற்பத்தியாளர் பலர் பொறுப்பேற்பதில்லை. பழுதின் காரணத்தைப் பிரித்தறியும் தடயம் அழிந்துவிடுகின்றது என்பதே அதற்குரிய நியாயம்.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றும். பழைய காலத்தவன் ஊர்க்கொல்லனிடம் சென்றதே அவனுக்குப் பாதுகாப்பு. இக்காலத்தவன் அவ்வாறு செல்லாதிருத்தலே அவனுக்குப் பாதுகாப்பு. ஆயினும் உள்ளுறை ஒன்றே. கருவியைச் செய்தவனிடமே அது திரும்பிச் செல்லுதல் வேண்டும். அவனே அதன் குற்றத்தைக் காணவும் ஏற்கவும் வேண்டும். அன்று அவன் கூப்பிடு தொலைவில் இருந்தான். இன்று அவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான். அத்தொலைவைக் குறுக்கவே முத்திரையும் சட்டமும் உத்தரவாதப் பத்திரமும் தோன்றின.

வஹகோட்டையின் முன்னோர் துவக்கைக் கைவிட்டு ஏரைப் பிடித்தனர். ஏரின் கொழு மழுங்கினால் செப்பனிடக் கொல்லனின் உலை ஊரிலேயே இருந்தது. அறுவடை நெல்லிலே அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வரும் உத்தரவாதப் பத்திரம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.