காற்பந்தாட்டக் காயங்களும் மருத்துவக் குறியீடும்

காற்பந்தாட்டக் காயங்களின் மருத்துவக் குறியீடு என்பது, காற்பந்து விளையாடும்போது ஏற்படும் காயத்தையும் அது நேர்ந்த விதத்தையும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுகளாகப் பதிவு செய்யும் முறையாகும். மருத்துவமனைப் பதிவேடு, காப்பீடு, இறப்புப் புள்ளிவிவரம் ஆகியவற்றுக்கு இதுவே அடிப்படை. உலக சுகாதார அமைப்பின் அனைத்துலக நோய் வகைப்பாடு இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றது. அதன் 11ஆம் திருத்தம் 2022 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எனினும் 10ஆம் திருத்தம் இன்னும் பெரிதும் புழங்குவதால், கீழுள்ள குறியீடுகள் அதிலிருந்தே தரப்பட்டுள்ளன.

காயமும் குறியீடும்

காற்பந்தாட்டத்தில் காயங்கள் பெரும்பாலும் கால்களிலேயே ஏற்படுகின்றன. கணுக்கால் சுளுக்குக்கு எஸ்93.4, பின்தொடைத் தசைக் காயத்துக்கு எஸ்76.3, தலையில் அடிபட்டு ஏற்படும் மூளை அதிர்ச்சிக்கு எஸ்06.0 ஆகியவை வழங்கப்படுகின்றன.

முழங்கால் சற்றுச் சிக்கலானது. தமிழ்நாட்டில் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று சொல்லப்படுவது இரு வேறு காயங்களைக் குறிக்கலாம். எலும்புகளைப் பிணைக்கும் குறுக்குத் தசைநார் கிழிந்தால் எஸ்83.5, எலும்புகளுக்கிடையே மெத்தை போல் அமைந்த பிறைக் குருத்தெலும்பு கிழிந்தால் எஸ்83.2. அக்குருத்தெலும்பின் பழைய கிழிவோ எம்23.2 ஆகிவிடும். இது காயங்களுக்கான அத்தியாயத்தில் இல்லை. எலும்பு, தசை நோய்களுக்கான அத்தியாயத்தில் உள்ளது. வலியைப் பொறுத்துக்கொண்டு நீண்ட காலம் கழித்து மருத்துவரிடம் செல்லும் ஆட்டக்காரரின் காயம், இவ்வாறு நோயாகப் பதிவாகக்கூடும். குறியீட்டாளர் நோயைக் கண்டறிபவர் அல்லர். மருத்துவர் எழுதியதையே அவர் குறியீடாக்குகின்றார்.

விளையாட்டைக் குறித்தல்

உலக சுகாதார அமைப்பின் பதிப்பில், காயம் நேர்ந்த இடத்துக்கும் அப்போதைய செயலுக்கும் ஒவ்வோர் இலக்கம் உண்டு. விளையாட்டுத் திடலுக்கு 3, விளையாட்டில் ஈடுபட்டிருத்தலுக்கு 0. காற்பந்தையும் கபடியையும் இந்த 0 வேறுபடுத்துவதில்லை.

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் பயன்படும் விரிவாக்கப் பதிப்பு மிக நுணுக்கமானது. அதில் காற்பந்து விளையாடுதல் ஒய்93.66, காற்பந்துத் திடல் ஒய்92.322, காற்பந்து பட்டு அடிபடுதல் டபிள்யூ21.02 ஆகும். அமெரிக்கர் "ஃபுட்பால்" என்பது வேறு ஆட்டம், அதற்கு ஒய்93.61. எஸ்83.511ஏ என்றால் வலது முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார்க் காயம், முதற்கட்டச் சிகிச்சை என்று பொருள். "மெடிக்கல் கோடிங்" எனப்படும் இப்பணியை அமெரிக்க மருத்துவமனைகளுக்காகத் தமிழ்நாட்டு இளைஞர் பலர் செய்கின்றனர். ஓகையோவில் விழுந்த சிறுவனின் முழங்காலுக்கு இங்கிருந்து இடப்படும் ஏழு இலக்க நுணுக்கம், மதுரை ஆனையூர்த் திடலில் விழுந்த சிறுவனுக்குக் கிடைப்பதில்லை.

விளையாட்டு மருத்துவர்கள் தமக்கெனத் தனி முறைகளை வகுத்துள்ளனர். ஆத்திரேலியரான ஜான் ஆர்ச்சர்ட் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையில் முதல் எழுத்து உடற்பகுதியைக் குறிக்கும். 2006 இல் பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பின் துணையுடன் வெளியான கருத்திணக்க அறிக்கை, காயத்தின் கடுமையை ஆட்டக்காரர் இழந்த நாட்களால் அளந்தது. 28 நாட்களுக்கு மேற்பட்டால் அது கடுங்காயம்.

இறப்புப் பதிவு

2022 நவம்பரில் சென்னையில், காற்பந்து வீராங்கனையான 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் வலது முழங்கால் தசைநார்க் கிழிவுக்காக அரசு மருத்துவமனையொன்றில் அறுவைச் சிகிச்சை பெற்றார். சிகிச்சைக்குப் பின் போடப்பட்ட இறுக்கமான கட்டினால் காலில் குருதியோட்டம் தடைப்பட்டதாக அரசு தெரிவித்தது. கால் அகற்றப்பட்டும் அவர் நவம்பர் 15 அன்று உயிரிழந்தார். மருத்துவர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

இந்தியாவில் மருத்துவமனை இறப்புகளுக்கான 4ஆம் எண் படிவத்தில், உடனடிக் காரணம் மேல் வரியிலும் அதற்கு இட்டுச்சென்றவை அடுத்தடுத்த வரிகளிலும் எழுதப்பட வேண்டும். இத்தகைய இறப்பொன்றில் உறுப்புகள் செயலிழந்தன என்று மட்டும் எழுதினால், தசைக்குக் குருதி தடைப்பட்டதும் (டி79.6) முழங்கால் காயமும் கணக்கில் வாரா. சிகிச்சையின்போது நேர்ந்த பிழைகளுக்கு ஒய்60 முதல் ஒய்69 வரையான குறியீடுகள் உள்ளன. பிழை எதுவும் குறிப்பிடப்படாத அறுவைச் சிகிச்சைப் பின்விளைவு ஒய்83 இல் சேரும். இவ்விரண்டில் எது இடப்படும் என்பது படிவத்தை நிரப்பும் மருத்துவர் எழுதும் சில சொற்களைப் பொறுத்தது.