கோட்டைத் தாண்டிய பந்து

போன முறை மெல்பர்னில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை மாலை பேரனோடு உட்கார்ந்து டிவியில் ஃபுட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் கால்பந்து இல்லை. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்கிற அவர்களுடைய சொந்த ஆட்டம். கிரிக்கெட் மைதானம் மாதிரி வட்டமும் நீளமுமான பெரிய ஓவல், இரு பக்கமும் 18 பேர், முட்டை வடிவப் பந்து. நடுக் கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் 6 புள்ளி, பக்கத்துக் கம்பம் வழியாகப் போனால் 1 புள்ளி.

ஒரு தடுப்பு ஆட்டக்காரன் பந்தை ஓரமாக உதைத்தான். அது தத்தித் தத்தி உருண்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. உடனே எம்சிஜி மைதானம் முழுவதும் ஒரே குரலில் 'டெலிபரேட்' என்று கத்தியது.

"என்னப்பா கத்துறாங்க?" என்றேன்.

"வேணும்னே வெளியே தள்ளிட்டானாம் தாத்தா."

"வேணும்னேதான் தள்ளினான்னு அம்பயருக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் வாராவாரம் சண்டையே!" என்று சிரித்தான்.

அவன் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அன்று முதல் இந்த ஒரு விதியின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன்.

கதை 1858-இல் தொடங்குகிறது. டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் சோம்பிப் போகாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும் என்று மெல்பர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு, 1859 மே 17 அன்று, அவரும் சில நண்பர்களும் ஒரு ஹோட்டலில் கூடி 10 விதிகளை எழுதினார்கள். அந்தப் பத்திலேயே எல்லைக்கோட்டுக்கும் ஒரு விதி உண்டு. வரிசையாக நட்ட கம்பங்கள்தான் எல்லை. பந்து அதைத் தாண்டினால், தாண்டிய இடத்துக்கே கொண்டுவந்து, கோட்டுக்குச் செங்குத்தாக உள்ளே எறிய வேண்டும். அவ்வளவுதான். யார் வெளியே அனுப்பினார்கள் என்ற கேள்வியே அதில் இல்லை.

நாலு ஆண்டு கழித்து, 1863-இல் லண்டனில் எழுதப்பட்ட கால்பந்து விதிகளில், வெளியே போன பந்தை முதலில் போய்த் தொடுகிறவனுக்கே எறியும் உரிமை. பிறகு கால்பந்து மாறி, யார் வெளியே அனுப்பினாரோ அவருடைய எதிரணிக்குப் பந்து என்று ஆனது. மெல்பர்ன் ஆட்டம் வேறு வழியில் போனது. அங்கே நடுவரே பந்தை எறிந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கென்றே எல்லைக்கோட்டு அம்பயர்கள் வந்தார்கள். மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலாகப் பந்தைப் பின்பக்கம் உயரே வீசுவார்கள். இரண்டு அணியின் நெட்டை ஆட்களும் எகிறித் தட்டப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்குப் பந்து யாருக்கும் சொந்தமில்லை. பார்க்க எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

ஆனால் தண்டனை இல்லாத இடத்தில் மனுஷன் சும்மா இருப்பானா? முன்னிலையில் இருக்கும் அணி பந்தை ஓரமாகவே கொண்டுபோகும். ஆபத்து வந்தால் வெளியே ஒரு தள்ளு. அம்பயர் எடுத்து வரவேண்டும், ஆட்கள் கூட வேண்டும், எறிய வேண்டும். நேரம் ஓடிவிடும். காசு கொடுத்து வந்தவர்கள் எறிதலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால் 1925-இல் ஒரே வெட்டு வெட்டினார்கள். பந்து வெளியே போனால், கடைசியாக அதை ஆடிய அணிக்கு எதிராக ஃப்ரீ கிக். வேணும்னா, தெரியாமலா என்ற விசாரணை கிடையாது. பலன் என்ன என்பது மட்டுமே பார்க்கப்படும்.

ஓரத்துக்குப் போகவே ஆட்டக்காரர்கள் பயந்தார்கள். ஆட்டம் நடுவழிக்கு வந்தது. கோல் அடிப்பவர்களுக்கு அது நல்ல காலம். 1929-இல் காலிங்வுட் அணியின் கார்டன் காவென்ட்ரி 124 கோல் அடித்தார். விக்டோரிய லீக்கில் ஒரே பருவத்தில் 100 கோலைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். 1934-இல் சவுத் மெல்பர்ன் அணியின் பாப் பிராட் 150 கோல். பின்னால் 1971-இல் பீட்டர் ஹட்சன் அதைச் சமன் செய்தார், மிஞ்சவில்லை. விதி ஒன்றே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் அப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள். ஆனால் விதி அவர்களுக்கு வழிவிட்டது.

அப்படியானால் அதை ஏன் கைவிட்டார்கள்? குறையும் அந்த விதிக்குள்ளேயே இருந்தது. மழையில் நனைந்த பந்து கையிலிருந்து வழுக்கி வெளியே போனாலும் தண்டனை. எதிராளியோடு மல்லுக்கட்டி விழுந்தவன் கையில் கடைசியாகப் பட்டிருந்தாலும் தண்டனை. நாலு கை ஒரே பந்தில் இருக்கும்போது கடைசியாக ஆடியது யார் என்று அம்பயர் ஓடிக்கொண்டே தீர்மானிக்க வேண்டும். தப்பு செய்தவனையும் தடுமாறியவனையும் விதி ஒரே தராசில் நிறுத்தியது. 1939-இல் எறிதல் திரும்ப வந்தது. வேண்டுமென்றே வெளியே அனுப்பினால் மட்டும் ஃப்ரீ கிக் என்று ஆனது.

பலனைப் பார்ப்பதிலிருந்து மறுபடியும் மனசைப் பார்ப்பதற்குத் திரும்பினார்கள். அம்பயரின் தலைவலியும் கூடவே திரும்பியது.

1969-இல் வந்த மாற்றம் புத்திசாலித்தனமானது. உதைத்த பந்து தரையில் படாமல், யார் மேலும் படாமல் நேராக வெளியே போனால் ஃப்ரீ கிக். தரையில் பட்டதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம், மனசுக்குள் புக வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த விதி அப்படியே நிற்கிறது.

ஆனால் பந்தை ஒரு தரம் தரையில் தட்டவிட்டு வெளியே அனுப்புவது என்ற சாமர்த்தியம் மிச்சம் இருந்தது. கோல் கம்பங்களுக்கு இடையிலும் இதே கதைதான். 2008 இறுதியாட்டத்தில் ஹாதர்ன் அணி, எதிரணிக்கு 6 புள்ளி போவதைவிட 1 புள்ளி போவது மேல் என்று பலமுறை தானே பந்தைத் தன் கோட்டுக்குப் பின்னால் கடத்திவிட்டு ஜெயித்தது. அதற்கும் 2009-இல் ஒரு 'வேண்டுமென்றே' விதி வந்தது. 2016-இல் எல்லைக்கோட்டு விதியை இறுக்கிப் பிடித்தார்கள். பிறகு 'வேண்டுமென்றே' என்ற சொல்லையே மாற்றி, பந்தை உள்ளே வைத்திருக்கப் போதுமான எண்ணம் காட்டவில்லை என்றால் குற்றம் என்றார்கள். கெட்ட எண்ணத்தை நிரூபிக்க முடியவில்லை என்பதால், நல்ல எண்ணத்தை ஆட்டக்காரனே காட்டட்டும் என்கிற ஏற்பாடு. கூட்டம் மட்டும் இன்னும் பழைய சொல்லைத்தான் கத்துகிறது.

இந்த இடத்தில் என் கதை. பணியில் இருந்த நாளில் ஒரு 17(பி) வழக்குக்கு நான் விசாரணை அதிகாரி. ஒரு இளநிலை உதவியாளர் ஒரு கோப்பை வாரக்கணக்கில் மேசையிலேயே வைத்துவிட்டார். அலுவலகத்துக்கு இழப்பு. 'உள்நோக்கத்துடன் தாமதப்படுத்தினார் என்பது நிரூபணமாகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அந்த வாரங்களில் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோப்பு தாமதமானது உண்மை. உள்நோக்கம் என்ற சொல் நானாகச் சேர்த்தது. 'தாமதம் செய்தார்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். டிவியில் அந்தக் கூட்டம் கத்தியபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

2026 பருவத்திலிருந்து ஏஎஃப்எல் விதியை மறுபடியும் மாற்றியிருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலிய லீக் 2016-லேயே செய்து பார்த்ததுதான். ஒரு அணி உதைத்தோ கையால் குத்தியோ அனுப்பிய பந்து வேறு யார் மேலும் படாமல் வெளியே போனால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். 1925 திரும்பிவிட்டதே என்று முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் இரண்டு வித்தியாசம். மல்லுக்கட்டில் கை பட்டு வழுக்கிய பந்துக்குத் தண்டனை இல்லை, பழையபடி எறிதல்தான். இன்னொன்று, இரு பக்கமும் கோலிலிருந்து 50 மீட்டரில் போட்ட வளைவுகளுக்கு இடைப்பட்ட நடுப்பகுதிக்கு மட்டுமே இந்த விதி. கோலுக்குப் பக்கத்தில், ஒரு ஃப்ரீ கிக் ஆட்டத்தையே முடித்துவிடக்கூடிய இடத்தில், இது செல்லாது.

எறிதல் குறைந்துவிடும், நெட்டையர்களின் வேலை போய்விடும் என்று பழைய ரசிகர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. நீ செய்த காரியத்துக்கு நீ பொறுப்பு, ஆனால் உன்னைக் கெட்டவன் என்று யாரும் எழுதப் போவதில்லை என்று அது சொல்கிறது.

பேரனிடம் போனில் இதைச் சொன்னேன். "வளைவுக்கு உள்ளே போனா இன்னும் அதே 'டெலிபரேட்' சண்டைதான் தாத்தா" என்றான். வாஸ்தவம்தான். 167 வருஷமாகத் தீராதது, ஒரே பருவத்தில் தீர்ந்துவிடுமா?