காத்திருந்து புறப்பட்ட பெண்கள்

தனியாக உலகைச் சுற்றிய பெண்களைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய துணிச்சலையே முதலிற் சொல்வது வழக்கம். கடலுக்கும் காட்டுக்கும் அஞ்சாதவர்கள் என்று வாசித்துவிட்டு, "அவர்களால் முடிந்தது, எங்களால் முடியுமா?" என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறோம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமது தீவின் கரையில் வந்திறங்கிய நான்கு பெண்களின் வரலாறுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு விடயம் புலப்படுகிறது. அவர்களுள் மூவர் நீண்டகாலம் காத்திருந்தவர்கள். பெற்றோருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் காத்திருந்து, அந்தக் கடமை முடிந்த பின் புறப்பட்டவர்கள்.

முதலாமவர் யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த எலிசா அக்னியூ அம்மையார். 1807இல் நியூயோர்க் நகரிற் பிறந்த இவருக்குச் சிறு வயதில், பூமிசாஸ்திர வகுப்பில் உலகப் படத்தைப் பார்த்தபோதே, தூர தேசம் சென்று பணியாற்றும் எண்ணம் தோன்றியது என்பர். ஆயினும் தம்மை நம்பியிருந்த நெருங்கிய உறவினர் உயிரோடிருக்கும்வரை அவர் வீட்டை விட்டு அகலவில்லை. அவர்கள் மறைந்த பின், முப்பது வயதைத் தாண்டிய நிலையில், 1839இல் மிஷனரிமாருடன் கப்பலேறி 1840இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். திருமணமாகாத ஒரு பெண் அவ்வளவு தூரம் பணிக்கு வருவது அக்காலத்தில் அரிது. 1824இல் தொடங்கப்பட்ட உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையே அவருக்கு வாழ்விடமாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கிருந்த அவர் ஒரு தடவையேனும் தாயகம் திரும்பவில்லை. ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று போற்றப்பட்டு, 1883இல் இம்மண்ணிலேயே காலமானார். அவர் செய்த பெரும் பயணம் ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாமவர் வியன்னா நகரத்து ஈடா ஃபைஃபர். 1797இற் பிறந்த இவரைத் தந்தையார் ஆண்பிள்ளைகளோடு ஆண்பிள்ளை போலவே வளர்த்தார். தந்தை இறந்ததும் தாயார் அந்தச் சுதந்திரத்தை நிறுத்திவிட்டார். தம்மைவிட 24 வயது மூத்த சட்டத்தரணி ஒருவரை மணந்தார். கணவர் பதவியை இழந்ததும் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. பிள்ளைகள் பசியாற வேண்டுமென்று, வெளியே தெரியாமல் சங்கீதமும் சித்திரமும் கற்பித்துச் சம்பாதித்தார். இரு புதல்வர்களும் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிய பின்னரே, 1842இல், தமது 44ஆவது வயதில் அவர் புறப்பட்டார். எருசலேம் போகிறேன் என்றால் எல்லோரும் தடுப்பார்கள் என்பதால், கொன்ஸ்தாந்திநோப்பிளில் உள்ள சிநேகிதியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டே கிளம்பினார்.

அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய நூலின் வருமானம் அடுத்த பயணத்துக்குச் செலவாயிற்று. ஐஸ்லாந்துக்குப் போகுமுன் ஆங்கிலமும் டேனிஷ் மொழியும் கற்றார். தாவரங்களையும் பூச்சிகளையும் பதப்படுத்தும் முறையைப் பழகிக்கொண்டார். போகுமிடங்களிற் சேகரித்தவற்றை அரும்பொருட்காட்சியகங்களுக்கு விற்றார். 1846 முதல் 1848 வரையான முதலாவது உலகப் பயணத்தில் பிரேசில், தாஹிட்டி, சீனா, சிங்கப்பூர் வழியாக 1847இல் காலித் துறைமுகத்தில் இறங்கி, கொழும்பையும் கண்டியையும் பார்த்துவிட்டு இந்தியா சென்றார். பின்னர் பக்தாத்திலிருந்து மோசூலுக்கு வணிகக் கூட்டமொன்றுடன் பாலைவனம் கடந்தார். 1851 முதல் 1855 வரை மறுபடியும் உலகைச் சுற்றினார். பெர்லின், பாரிஸ் புவியியற் சங்கங்கள் அவரைக் கௌரவ உறுப்பினராக ஏற்றன. இலண்டன் அரச புவியியற் சங்கமோ பெண் என்பதால் ஏற்கவில்லை. அங்கு பெண்களுக்குக் கதவு நிலையாகத் திறந்தது 1913இல்தான். மடகஸ்காரிற் பிடித்த காய்ச்சலின் விளைவாக 1858இல் அவர் இறந்தார்.

மூன்றாமவர் ஆங்கிலேய ஓவியர் மரியான் நோர்த். தந்தையாரை விட்டுப் பிரிவதில்லை என்று மரணப் படுக்கையிலிருந்த தாயாருக்கு வாக்குக் கொடுத்தவர். 1869இல் தந்தையார் காலமாகும்வரை அதைக் காப்பாற்றினார். 1871இல், நாற்பதாவது வயதில், தூரிகையும் வர்ணங்களுமாகத் தனியே புறப்பட்டார். வட அமெரிக்கா, ஜமைக்கா, பிரேசில், யப்பான், போர்னியோ, யாவா என்று சுற்றி 1876இல் இலங்கை வந்தார். பேராதனைப் பூங்காவுக்கு அருகில் நின்ற தாளிப்பனையை வரைந்தார். களுத்துறையில் வசித்த புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் அவரைப் படமெடுத்தார். தமது செலவிலேயே இலண்டன் கியூ பூங்காவில் அவர் கட்டுவித்த மண்டபம் 1882இல் திறக்கப்பட்டது. 800க்கும் மேற்பட்ட அவருடைய ஓவியங்களை இன்றும் அங்கு காணலாம். ஈடாவுக்கு இல்லாத ஒன்று இவருக்கு இருந்தது: தந்தையார் விட்டுச் சென்ற செல்வம்.

நான்காமவர் யாருக்காகவும் காத்திராதவர். நியூயோர்க் பத்திரிகையாளர் நெல்லி பிளை, 80 நாளுக்குள் உலகைச் சுற்றி வருகிறேன் என்று கேட்டபோது, பெண்ணுக்குத் துணை வேண்டும், பெட்டிகளும் அதிகம் வேண்டும் என்று பத்திரிகையினர் மறுத்தனர். ஏறக்குறைய ஓராண்டின் பின் இணங்கினர். ஒரே உடை, ஒரு மேலங்கி, ஒரு சிறு கைப்பை ஆகியவற்றுடன் 1889 நவம்பர் 14ஆந் திகதி, 25 வயதிற் கப்பலேறினார். டிசம்பரிற் கொழும்பை அடைந்தபோது இணைப்புக் கப்பல் வந்து சேரவில்லை. துறைமுகத்துக்கு அருகிலிருந்த கிராண்ட் ஓரியண்டல் ஹொட்டேலில் ஐந்து நாட்கள் தங்க நேர்ந்தது. அந்த இடைவெளியிற் புகைவண்டியேறிக் கண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். 72 நாட்களில் பயணத்தை முடித்தார்.

இவர்களைப் போற்றும்போது ஒன்றை மறக்கலாகாது. இவர்கள் சென்ற பாதைகள் ஏகாதிபத்தியத்தின் பாதைகள். வெள்ளையர் என்பதாலேயே திறந்த கதவுகள் பல. ஈடா கண்டிக்குப் போன அதே காலத்தில், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, வன்னிக் காடுகளூடாக மாத்தளை வரை கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தார்கள் எமது மக்கள். அவர்களிடையே பெண்களும் இருந்தனர். கொலராவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். ஈடாவின் துணிவுக்கு அந்தப் பெண்களின் துணிவு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால் அவர்களுக்குப் பயணம் விருப்பத் தெரிவாக இருக்கவில்லை. தாம் கண்டதை எழுதிவைக்க எழுத்தும் கற்பிக்கப்படவில்லை. ஈடாவின் பெயர் எமக்குத் தெரிகிறது. அவர்களில் ஒருத்தியின் பெயரும் எமக்குத் தெரியாது.

பெண் கல்வியின் பயன் எது என்று கேட்டால் இந்த வேறுபாட்டையே காட்டலாம். உடுவிலிலும் பின்னர் எழுந்த ஏனைய பெண்கள் பாடசாலைகளிலும் கற்றவர்கள் தம் கதையைத் தாமே சொல்லக் கூடியவர்களானார்கள். இன்று எமது பழைய மாணவியர் இல்லாத கண்டம் இல்லை. படிக்கப் போனவர்கள், மணமாகிப் போனவர்கள், போரின் கொடுமையால் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனவர்கள் எனப் பலர். எல்லைகளைக் கடந்த அனுபவத்தில் எங்களவர் நெல்லி பிளைக்கு இளைத்தவர்களல்லர். எனினும் எங்களிற் பெரும்பாலோர் போன பயணங்கள் அனைத்தும் பிறருக்காகவோ பிறரால் நேர்ந்தவையோதாம். "எனக்கு எங்கே போக விருப்பம்?" என்ற கேள்வியை ஒரு தரமேனும் கேட்டுப் பார்த்தவர்கள் சிலரே.

பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், ஓய்வூதியமும் வருகிறது, ஆனாலும் "இனி எனக்கென்ன பயணம்" என்று சொல்லும் தோழியர் எங்களிடையே உண்டு. அவர்களுக்கு ஈடாவின் வாழ்வு ஒரு நல்ல விடை. அவர் கடமையைத் தட்டிக்கழிக்கவில்லை. அது முடிந்த பின்னும் அதையே சாட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கவும் இல்லை. மொழி படித்தார், கைத்தொழில் பழகினார், பணத்துக்கு வழி தேடினார், புறப்பட்டார். திருக்கேதீச்சரமாயினும் ஐஸ்லாந்தாயினும் இதுவே முறை.

போய் வந்தவர்கள் எழுதவும் வேண்டும். விரும்பிப் போனதையும், விரும்பாமற் போக நேர்ந்ததையும் எழுதுங்கள். கப்பலில் வந்தவர்கள் எழுதிவைத்ததால்தான் அன்றைய காலியும் கண்டியும் அவர்களுடைய கண்களுக்கு எப்படித் தெரிந்தன என்பதை நாம் அறிகிறோம். மாத்தளைப் பாதையில் நடந்த பெண்களின் கண்களுக்கு அவை எப்படித் தெரிந்தன என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அடுத்த நூற்றாண்டு மலரைத் தொகுக்கும் மாணவியர் எங்களைப் பற்றியும் அவ்வாறு எழுத வேண்டிய நிலை வரக்கூடாது.