நூறு சி.சி.யும் நூறு சி.சி.யும் ஒன்றா?

நம்ம நாட்றம்பள்ளி வழியாகப் போகும் சென்னை நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். 1990-இல் வந்தது. அதற்கு முன் பைக் பந்தயம் என்றாலே சோழவரம்தான். உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது.

1985 வாக்கில் நம் சாலைகளுக்கு இரண்டு 100 சி.சி. வண்டிகள் வந்தன. ஹீரோ ஹோண்டா சி.டி.100 நாலு ஸ்ட்ரோக், யமஹா ஆர்.எக்ஸ்.100 இரண்டு ஸ்ட்ரோக். சிலிண்டர் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். குதிரைத்திறனோ முன்னதற்குச் சுமார் ஏழு, பின்னதற்குப் பதினொன்று. இரண்டு ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் எரியும். நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். சி.சி.யை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே பிரிவில் நிறுத்தினால், கொடி அசையும் முன்பே முடிவு தெரிந்துவிடும்.

உலகப் பந்தயத்திலும் இதே சிக்கல். 2002-இல் 500 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக்குகளோடு 990 சி.சி. நாலு ஸ்ட்ரோக்குகளை ஓட அனுமதித்தார்கள். இப்போது தராசு மறுபக்கம் சாய்ந்தது. பட்டம் 990-க்கே போனது.

நான் படித்த பிரெஞ்சில் 'எகாலித்தே' என்றால் சமம், 'எகித்தே' என்றால் நியாயம். இரண்டும் வேறு வேறு சொற்கள். சொந்தக் காசில் வண்டி வாங்கி ஓட்ட வரும் பையனுக்கு முதலாவது போதாது, இரண்டாவதுதான் வேண்டும்.