குழிதோறும் ஒரு கேள்வி



வரலாறு என்றவுடன் கோட்டையும் கொத்தளமும், மன்னரும் மணிமுடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் விளையாடிய வெளிக்கும் வரலாறு உண்டு. மனிதன் எவ்வாறு சிந்திக்கக் கற்றான் என்பதை அதுவும் நமக்குக் காட்டும். அத்தகைய வெளி ஒன்றைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். ஸ்காட்லாந்தின் கீழைக் கடற்கரையில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறு நகரில் உள்ள கோல்ப் ஆட்டவெளி அது. 'பழைய வெளி' என்று அதனை அழைக்கின்றனர்.

அந்நகரம் சென்னைக்கு முற்றிலும் அயலான ஊர் அன்று. 1789ஆம் ஆண்டில் எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார் பிறந்த ஊர் அதுவே. நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைச் சென்னையில் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிலும் கையாண்டார். அவர் அளித்த பெரும்பொருளைக் கொண்டு 1833இல் அந்நகரில் நிறுவப்பட்ட பள்ளி 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது.

கோல்ப் ஆட்டம் ஸ்காட்லாந்து மக்களின் உள்ளத்தை எவ்வளவு கவர்ந்திருந்தது என்பதற்கு ஒரு சட்டமே சான்று. மக்கள் வில்வித்தையை மறந்து பந்தாட்டத்தில் மூழ்கிவிட்டனர் என்று அஞ்சி, இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பாராளுமன்றம் 1457இல் அவ்வாட்டத்தைத் தடை செய்தது. தடை மறைந்தது, ஆட்டம் நிலைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் ஆடுவது வழக்கமாக இருந்தது. 1764இல் நான்கு சிறு குழிகளை இரண்டாக இணைத்தனர். சென்ற வழியிலேயே திரும்பி வந்தும் ஆடியமையால், 22 குழிகள் 18 ஆயின. இன்று உலகெங்கும் ஒரு சுற்றுக்கு 18 குழிகள் என்று வழங்குவதன் தோற்றுவாய் இதுவே.

குழி என்பது பந்து விழும் துளையை மட்டும் குறிப்பதன்று. பந்தை முதலில் அடிக்கும் இடம் தொடங்கி, துளை அமைந்த பசும்புல் தரை வரையில் உள்ள நிலப்பரப்பு முழுவதையும் ஒரு குழி என்றே கூறுவர். அப்பரப்பை மிகக் குறைந்த அடிகளில் கடப்பவனே வல்லவன். இடையிடையே மணற்பள்ளங்கள் பந்தை விழுங்கக் காத்திருக்கும்.

பழைய வெளியை எந்தச் சிற்பியும் திட்டமிட்டு வகுக்கவில்லை. கடற்காற்றும் மணலும் புல்லும் ஆடுகளும் முயல்களும் சேர்ந்து உருவாக்கிய நிலம் அது. ஆயினும் அந்நிலம் ஆட்டக்காரனிடம், "நீ எவ்வளவு தூரம் அடிப்பாய்?" என்று கேட்பதில்லை, "அடுத்த அடியை எங்கிருந்து அடிக்க விரும்புகிறாய்?" என்றே கேட்கிறது. இவ்விரு கேள்விகளுக்கும் உள்ள வேற்றுமையே கோல்ப் ஆட்டத்தின் அறிவு வரலாறு என்பது என் கருத்து.

பதினேழாம் குழியை எடுத்துக்கொள்வோம். சாலைக் குழி என்பது அதன் பெயர். அதன் பசும்புல் தரை குறுகலாகக் குறுக்குச் சாய்வில் கிடக்கிறது. முன்புறத்து இடப்பக்கத்தை ஓர் ஆழ்ந்த மணற்பள்ளம் கவ்வியிருக்கிறது. பின்புறம் சாலையும் கற்சுவரும் உள்ளன. முதல் அடியை இடப்பக்கமாக அடிப்பவனுக்கு அப்போது அச்சமில்லை. ஆனால் இரண்டாம் அடியில் அந்தப் பள்ளமே அவன் வழியை மறித்து நிற்கும். வலப்பக்கத்து எல்லையை ஒட்டித் துணிந்து அடிப்பவனுக்கோ, எல்லை தாண்டினால் தண்டனை. தாண்டாவிடில் பசும்புல் தரை நீளவாக்கில் திறந்து வரவேற்கும். எனவே அறிந்தவன் துளையிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறான். கடைசி அடி எங்கிருந்து எளிதாகும் என்று முதலில் கணித்து, அதற்கேற்பவே தொடக்க அடியைத் தீர்மானிக்கிறான்.

வழி திறந்துவிட்டால் வெற்றி உறுதி என்றும் எண்ணிவிட வேண்டா. 1978ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் ஜப்பானியரான நாகாஜிமா இரண்டே அடிகளில் பசும்புல் தரையை அடைந்தார். பின்பு அவர் மெல்லத் தட்டிய பந்து உருண்டு பள்ளத்தில் வீழ்ந்தது. அக்குழிக்கு அவர் செலவிட்டவை 9 அடிகள். 1984இல் டாம் வாட்ஸன் வலப்பக்கத்திலிருந்து அடித்த பந்து தரையைத் தாண்டிச் சாலையில் விழுந்து, சுவரருகே கிடந்தது. ஆறாம் முறையாக அப்பட்டத்தை வெல்லும் வாய்ப்பும் அத்துடன் நழுவியது.

பதினான்காம் குழியின் நடுவழியில் 'நரகம்' என்று பெயர் பெற்ற பெரும் பள்ளம் உள்ளது. 1924இல் பழைய வெளியை அளந்து வரைபடம் தீட்டிய அலிஸ்டர் மெக்கன்ஸி, இந்த ஒரு குழிக்கே நான்கு வழிகளை வரைந்து காட்டினார். வலிமை மிக்கவனுக்கு ஒரு வழி. வலிமை குன்றியவனுக்கு வேறு வழி. யாருக்கும் வழி அடைக்கப்படவில்லை. தன் ஆற்றலை அறிந்து தன் வழியைத் தேர்வதே ஒவ்வொருவனின் கடமை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்நாட்டு நிலங்களில் அமைத்த வெளிகள் பலவற்றில், பாதையின் குறுக்கே மதில்போல் தடைகளை எழுப்பினர். அங்கே தாண்டுதல் அல்லது வீழ்தல் என்ற இரண்டே உண்டு, தேர்வுக்கு இடமில்லை. பழைய வெளியை ஊன்றிப் பயின்ற பின்னரே, தடை என்பது தவறியவனைத் தண்டிப்பதற்கன்று, சிந்திப்பவனைச் சோதிப்பதற்கே என்ற கொள்கை வலுப்பெற்றது.

இந்த உண்மையை ஒருவர் தம் வாழ்விலேயே கற்றார். அமெரிக்கரான பாபி ஜோன்ஸ் 1921இல், தம் பத்தொன்பதாம் வயதில், அங்கு ஓப்பன் போட்டியில் ஆட வந்தார். மூன்றாம் சுற்றில் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் ஆயின. பதினோராம் குழியின் மணற்பள்ளத்தில் சிக்கியவர், சினம் மேலிடப் பந்தைக் கையில் எடுத்துப் போட்டியைக் கைவிட்டார். அன்று அவருக்கு அந்நிலம் அநீதியாகத் தோன்றியது. ஆனால் அவர் அதனை வெறுத்து ஒதுங்கிவிடவில்லை. மீண்டும் வந்தார், நிலத்தை ஊன்றிப் பயின்றார். 1927இல் அதே வெளியில் 285 அடிகளில் ஓப்பன் பட்டத்தை வென்றார். 1930இல் அமெச்சூர் பட்டத்தையும் அங்கேயே பெற்றார். பின்னர் மெக்கன்ஸியுடன் சேர்ந்து, அகலமான பாதைகளும் பல வழிகளும் கொண்ட அகஸ்டா வெளியை அமெரிக்காவில் அமைத்தார். 1934 முதல் அங்கு நடந்துவரும் போட்டி உலகப் புகழ் பெற்றது.

1958இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தார் அவருக்கு நகர உரிமை வழங்கினர். அவருக்கு முன் அப்பெருமையைப் பெற்ற அமெரிக்கர், 1759இல் அதனைப் பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளின். அப்போது ஜோன்ஸ் முதுகுத்தண்டு நோயால் நலிந்து, துணையின்றி நடக்கவும் இயலாதவராக இருந்தார். இளமையில் அந்நிலத்தோடு பிணங்கிச் சென்றவரை, அந்நிலத்து மக்கள் தம்மவராக ஏற்றுக்கொண்டனர்.

நண்பர்களே, பதினோராம் குழியின் பள்ளம் 1921இலும் 1927இலும் ஒன்றாகவே இருந்தது; மாறியவர் ஜோன்ஸே. தேர்வு மண்டபத்தில் கடினமான வினாவைக் காணும்போது, அதனைப் பகை என்று சினப்பதா, பின்னோக்கி எண்ணி வழி காண்பதா என்னும் தெரிவு உங்களுக்கும் உண்டு. சினந்தவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறுகிறான். எண்ணுபவன் அடுத்த அடிக்கு நிற்க வேண்டிய இடத்தைத் தேடுகிறான்.